எளிய பாவாடை

வசனத்தின் தராதரத்தை அளக்க நம்மிடம் பல கோல்கள் இருக்கின்றன. நடை, உருவம், உத்தி, பாத்திர சிருஷ்டி என்று விமர்சகர்கள் அடுக்குவார்கள். நான் சொல்லப்போவது மிகவும் சாதாரணமான ஒரு கோல். ஒருவர் எழுதிய வாக்கியத்தைப் படித்து, அதை நம்பி இன்னொருவர் துணியில் கத்தரிக்கோலை வைக்க முடியுமா? முடியும் என்றால் அது நல்ல வசனம். முடியாதென்றால், அதில் எத்தனை அலங்காரங்கள் இருந்தாலும் எங்கோ பலவீனம் இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

சில மாதங்களாக நான் மாதர் பத்திரிகைகளிலும் தையல் புத்தகங்களிலும் வருகிற பாடங்களைப் பொறுக்கியெடுத்துப் படித்துவருகிறேன். அவற்றிலும் ஒரே ஒரு பாடத்தைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன்: வீட்டிலேயே தைத்துக்கொள்ளக்கூடிய, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பாவாடை. கதை எழுத ஆரம்பிக்கிறவர்கள் முதலில் காதல் கதை எழுதுவதுபோல, தையல் ஆரம்பிக்கிறவர்கள் முதலில் தைப்பது இந்தப் பாவாடைதான். சுலபம் என்ற எண்ணம்தான் இரண்டுக்கும் காரணம். இரண்டிலும் எத்தனையோ பேர் பாதியில் நின்றுபோவதற்கும் அந்த எண்ணம்தான் காரணம்.

நாவல் எழுதுகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாவலில் நான் ஒரு வாக்கியத்தை மோசமாக எழுதினால் என்ன நேரும்? வாசகர் கொட்டாவி விடுவார். நாலு பக்கம் தள்ளிப் புரட்டுவார். யாருக்கும் நஷ்டமில்லை. சமையல் குறிப்பில்கூட உப்புக் கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். வெட்டிய துணியை எதைப் போட்டும் சமாளிக்க முடியாது. தையல் பாடத்தைப் படிக்கிற பெண்ணிடம் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு துண்டுத் துணி. மகளுக்காக வாங்கியது, அல்லது நைந்துபோகாத பழைய புடவையில் மிச்சமானது. எழுத்தை நம்பி அதை வெட்டப்போகிறாள். இவ்வளவு பெரிய நம்பிக்கையை இலக்கிய வாசகர்கள் நம்மேல் வைப்பதில்லை.

இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. என் சொந்தச் சரக்காகவே ஒன்றைச் செய்து காட்டுகிறேன்: “தேவையான துணியை இடுப்பளவுக்கு வெட்டி, மேல்பக்கத்தை மடித்துத் தைத்து, எலாஸ்டிக்கைக் கோத்துவிட்டால் எளிய, அழகிய பாவாடை தயார்.” வாய்விட்டுப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டம் இருக்கிறது, சுருக்கம் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தை நம்பித் தைக்கப்பட்ட பாவாடை எந்தக் குழந்தையின் இடுப்புக்கும் ஏறாது.

ஏன் ஏறாது என்பதை எங்கள் தெருவில் மிஷின் போட்டிருந்த ஒரு அக்கா இரண்டே வாக்கியத்தில் சொல்லுவாள். தைக்கக் கற்றுக்கொள்ள வருகிற பெண்கள், “அக்கா, இடுப்பு எத்தனை இன்ச் எடுக்கணும்?” என்று டேப்பும் கையுமாக நிற்பார்கள். “இடுப்பைக் கேக்காதேடி. பாவாடை எது வழியா ஏறி வரணும்னு கேளு” என்பாள். பித்தானும் இல்லாமல், திறப்பும் இல்லாமல் தைக்கிற பாவாடை பிருஷ்டத்தைத் தாண்டித்தான் இடுப்புக்கு வந்து சேரவேண்டும். எலாஸ்டிக் இழுபடும், துணி இழுபடாது. ஆகையால் துணியின் சுற்றளவை நிர்ணயிப்பது இடுப்பு அல்ல. உடம்பின் அகலமான பாகம்தான் நிர்ணயிக்கிறது. இடுப்பளவு எலாஸ்டிக்குக்கு மட்டுந்தான் வேண்டும். அந்த அக்கா எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆனால் காரணத்தோடு சேர்த்து விஷயத்தைச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. அச்சில் வருகிற பாடங்களில் நான் தேடுவது அதைத்தான்.

அச்சுப் பாடங்களில் நான் காண்கிற முதல் குறை இதுதான்: காரணம் இல்லாத எண். ‘ஒன்றேகால் மீட்டர்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யாருக்கு ஒன்றேகால்? என்ன அகலத் துணியில்? 36 அங்குல அகலத்திலா, 44 அங்குல அகலத்திலா? எண்ணைப் பார்த்ததும் சாஸ்திரீயமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு மயக்கம் ஏற்படுகிறது. காரணத்தைச் சொன்னால் எண்ணை வாசகியே கண்டுபிடித்துக்கொள்வாள். எண்ணை மட்டும் சொன்னால் அடுத்த குழந்தைக்கு இன்னொரு பாடத்தைத் தேடிப் போகவேண்டும்.

இரண்டாவது குறை வரிசை. துணியை வெட்டு, தை, மடி என்று ஆறு படிகள் சொல்லிவிட்டு, கடைசியில் ‘கவனிக்க’ என்று ஒரு கட்டம் கட்டி, பருத்தித் துணியாக இருந்தால் முன்னாலேயே நனைத்து உலர்த்தியிருக்கவேண்டும் என்று போடுகிறார்கள். துப்பறியும் கதையில் கொலைகாரனைக் கடைசியில் காட்டுவது சரி. தையல் பாடத்தில் அது துரோகம். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும், அதிலும் பாவு நூல் ஓடுகிற நீளவாட்டில் அதிகம் சுருங்கும். பாவாடையின் உயரம் அந்த நீளவாட்டில்தான் விழுகிறது. ஆகவே நனைக்காமல் தைத்த பாவாடை முதல் சலவைக்குப் பிறகு உயரம் குறைந்து நிற்கும். இந்தச் செய்தி முதல் வரியில் இருக்கவேண்டியது. எழுதினவருக்கு அது கடைசியில் ஞாபகம் வந்திருக்கிறது. தமக்கு ஞாபகம் வந்த வரிசையை வாசகிக்குத் தேவையான வரிசையாக மாற்றுவதற்குச் சோம்பல். இந்தச் சோம்பலை நம் நாவல்களிலும் நிறையப் பார்க்கலாம்.

மூன்றாவது குறை ‘எளிய’ என்ற சொல். இதுதான் எனக்கு மிகவும் ஆட்சேபகரமாகப் படுகிறது. யாருக்கு எளிது? பத்து வருஷம் மிஷின் மிதித்தவருக்கு எளிது. முதல் தடவை பாபினில் நூல் சுற்றுகிறவளுக்கு இதில் எதுவுமே எளிதில்லை. தைத்தது கோணிப்போனால், ‘இவ்வளவு எளிய வேலைகூட எனக்கு வரவில்லையே’ என்று அவள் தன்னைத்தான் நொந்துகொள்வாள். பாடம் எழுதினவர்மேல் சந்தேகமே வராது. ஒரு பெயரடை இப்படிக் குற்றத்தை இடம் மாற்றிவிடுகிறது. அதோடு, வீட்டில் பெண்கள் செய்கிற வேலைகள் எல்லாவற்றையும் எளிது என்று சொல்லி மதிப்பைக் குறைக்கும் பழக்கம் நமக்கு வெகுகாலமாக உண்டு. அதற்கு மாதர் பத்திரிகையே துணைபோவது வேடிக்கை.

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது விமர்சகருக்கு அழகல்ல. இடுப்பு 22 அங்குலம், பிருஷ்டச் சுற்று 26 அங்குலம் உள்ள ஒரு சிறுமிக்கு 20 அங்குல உயரப் பாவாடை தைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துணி 44 அங்குல அகலப் பருத்தி. முக்கால் மீட்டர் வாங்கி, நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளவேண்டும். சுற்றளவு, பிருஷ்டச் சுற்றைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் பாவாடை தாராளமாக ஏறும். சுருக்கமும் அழகாக விழும். 26-க்கு ஒன்றரை மடங்கு 39. நம் துணியின் அகலம் 44. தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் போனாலும் 43 நிற்கிறது. ஆகவே அகலத்தை வெட்டவே வேண்டாம். இரண்டு கரைகளையும் சேர்த்து ஒரே தையல் போட்டால் போதும். கரையில் நூல் பிரியாது என்பது கூடுதல் லாபம்.

உயரத்துக்கு 20 அங்குலம். முக்கால் அங்குல எலாஸ்டிக் நுழைய, மேலே கால் அங்குலம் உள்ளே மடித்து மறுபடி ஒரு அங்குலம் மடிக்கவேண்டும், அதற்கு ஒன்றேகால். கீழே ஓரம் அடிக்க இரண்டு அங்குலம். ஆக 23¼ அங்குலம் வெட்டவேண்டும். எலாஸ்டிக், இடுப்பைவிட இரண்டு அங்குலம் குறைந்து 20. முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க ஒரு அங்குலம் கூட்டி 21. ஏன் குறைக்கவேண்டும்? சமமாக இருந்தால் எலாஸ்டிக்குக்கு வேலை இல்லை. இழுபட்டால்தான் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லா எலாஸ்டிக்கும் ஒரே முறுக்கோடு இருப்பதில்லை. ஆகவே தைக்குமுன் குழந்தையின் இடுப்பில் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பது எந்தக் கணக்கையும்விட மேல்.

மேல்மடிப்பைச் சுற்றித் தைக்கும்போது இரண்டு அங்குலம் திறப்பு விடவேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கைக் குத்தி உள்ளே நகர்த்தவேண்டும் என்றும் எழுதுகிறார்கள். மற்றொரு முனையை இன்னொரு ஊக்கால் திறப்புக்குப் பக்கத்தில் துணியோடு குத்திவைக்கவேண்டும் என்பதைப் பலர் எழுதுவதில்லை. அப்படிக் குத்தாவிட்டால் முக்கால் சுற்று வந்தபிறகு வால் முனை உள்ளே ஓடி மறைந்துவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தெரிந்தவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லாத சங்கதி. ஆனால் தெரிந்தவர்கள் பாடம் படிப்பதில்லை. தெரியாதவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று தெரிந்துகொள்வதுதான் பாடம் எழுதுகிறவரின் கற்பனா சக்தி. பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து பார்ப்பது என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்கிறோமே, அதே சக்திதான்.

எலாஸ்டிக்கைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அது துணிக்கு முன்னால் சாகும். வெயிலும் வெந்நீரும் இஸ்திரியின் சூடும் ரப்பருக்கு ஆகா. பாவாடை நன்றாக இருக்கும்போதே இடுப்பு தளர்ந்துவிடும். ஆகவே கடைசித் திறப்பைக் கையால், எளிதில் பிரிக்கக்கூடிய தையலாகப் போட்டு மூடுவது நல்லது. மலிவாக விற்கிற ஆயத்த ஆடைகள் பலவற்றில் எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் துணியோடு சேர்த்தே அடித்துவிடுகிறார்கள். ஒன்று செத்தால் இரண்டையும் எறியவேண்டியதுதான். வீட்டில் தைப்பதன் நியாயமே இங்கேதான் இருக்கிறது. பணம் மிச்சம் என்பது இப்போது அவ்வளவு சரியான வாதம் அல்ல. கடையில் அதைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும். பழுது பார்க்கத் தோதாகச் செய்வதுதான் வீட்டுத் தையலின் குணம். வளர்கிற பிள்ளைக்கு உள்ளே ஒரு ‘டக்’ பிடித்துவைத்து, அடுத்த வருஷம் பிரித்துவிடுகிற நம் பழக்கமும் அதே குணத்தில் பிறந்ததுதான். இந்தக் குணத்தைப் பாடம் சொல்லித்தரவில்லை என்றால் அளவுகளை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?

நாடா இருக்க எலாஸ்டிக் எதற்கு என்று கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. நாடாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. பாட்டிமாரின் சுருக்குப்பையே நாடா கோத்த பாவாடைக்குத் தங்கைதான். எலாஸ்டிக் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. லண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் கையுறை, காலுறை போன்றவற்றுக்கு ரப்பர்ப் பிடிப்பு வைக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1820-இல். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் பெயரில் பதிவானது 1844-இல். அதற்குப் பிறகுதான் குளிரில் விறைக்காமலும் சூட்டில் இளகாமலும் ரப்பர் உடுப்புக்கு உதவிற்று.

ஆனால் நாடாவிடம் ஒரு கண்டிப்பு இருக்கிறது. கட்டின இடத்தில் கட்டினபடியே நிற்கும். சாப்பிட்டாலும் குனிந்தாலும் மூச்சை இழுத்தாலும் அது விட்டுக்கொடுக்காது. இடுப்பில் கறுத்த தழும்பு இல்லாத நடுத்தர வயசுப் பெண்களை நம் வீடுகளில் அதிகம் பார்க்க முடியாது. 2024-இல் மஹாராஷ்டிரத்தையும் பீஹாரையும் சேர்ந்த மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ வெளியீடு ஒன்றில் இரண்டு மூதாட்டிகளின் கேஸை விவரித்தார்கள். பல வருஷங்களாகப் புடவையை இடுப்பில் இறுக்கிக் கட்டிவந்த இடத்தில் புண் ஆறாமல் நின்று, கடைசியில் அது புற்றுநோயாக மாறியிருந்தது. இது அபூர்வமாக நேர்வதுதான். யாரும் பயந்துபோக வேண்டாம். ஆனால் இடுப்புப் புண்ணை அலட்சியம் செய்யாமல் கட்டைத் தளர்த்தி, ஆறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதற்கு இது போதும். உள்பாவாடையை அகலமான பட்டி வைத்தோ எலாஸ்டிக் வைத்தோ தைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பாடம் சொல்லுமானால், அது அழகுக் குறிப்பைவிடப் பெரிய உபகாரம். வள்ளுவர் நட்புக்கு உவமை தேடியபோது, நழுவுகிற ஆடையைப் பிடிக்க ஓடுகிற கையைத்தான் கண்டார். நல்ல எலாஸ்டிக் அந்தக் கையைப்போல், பிடிக்கும், நெரிக்காது.

தையலைப் பற்றி இலக்கியக்காரர்கள் எழுதியதையும் இந்தக் கோலால் அளந்து பார்க்கலாம். காந்திஜி இயந்திரங்களை எதிர்த்தவர். ஆனால் 1924-இல் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாமல், அவள்மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். கதை அழகாக இருக்கிறது. சரித்திரம் வேறு. எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-லேயே பதிவு செய்த யோசனைகளை உபயோகித்ததற்காக, 1851-இல் தம் இயந்திரத்தைப் பதிவு செய்த சிங்கர், வழக்காடித் தோற்றுப் பணம் கொடுக்கவேண்டியிருந்தது. இல்லற விஷயத்திலும் அவர் ஒரே மனைவிக்காக உருகினவர் அல்ல. பல குடும்பங்கள் வைத்திருந்தவர். காந்திஜியின் முடிவு சரியானதுதான். இயந்திரம் மனுஷிக்குச் சிரமபரிகாரமாக இருக்கவேண்டும். அந்த முடிவுக்குச் சிங்கரின் காதல் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணின் தோள்வலியே போதுமான காரணம்.

மாறாகக் கோகோலைப் பாருங்கள். 1842-இல் வெளிவந்த ‘மேல்கோட்டு’ கதையில், ஏழைக் குமாஸ்தாவுக்குக் கோட்டு தைத்துக்கொடுக்கிற தையற்காரன் பெத்ரோவிச் குடிகாரன். உயர்ந்த மனுஷன் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் பட்டு நூலால் இரட்டைத் தையல் போடுகிறான். போட்ட தையல் ஒவ்வொன்றையும் தன் பல்லாலேயே கடித்து அழுத்திக்கொண்டு போகிறான். இரண்டு வாரம் ஆகிறது. கூலி பன்னிரண்டு ரூபிள். கழுத்துப் பட்டைக்கு நல்ல ரோமத்தோல் வாங்கப் பணம் போதாமல், தூரப் பார்வைக்கு அதுபோலத் தெரிகிற பூனைத்தோலைத் தேடி வாங்குகிறார்கள். இவ்வளவையும் கோகோல் ஏன் எழுதவேண்டும்? கோட்டு பறிபோகும்போது வாசகருக்கு வலிக்கவேண்டும் என்றால், அது எப்படி உண்டாயிற்று என்று தெரிந்திருக்கவேண்டும். அன்பு என்ற வார்த்தையை அவர் அங்கே உபயோகிக்கவில்லை. தையலைக் காட்டினார், மற்றதை நாம் உணர்ந்துகொள்கிறோம். நம் கதைகளில் வருகிற விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் ‘தையல் மிஷின் வைத்துப் பிழைத்தாள்’ என்று அரை வாக்கியத்தில் பிழைத்துவிடுகிறார்கள். எத்தனை ஜாக்கெட்டு, என்ன கூலி, எந்த விளக்கில் என்று எழுதுகிறவர் யோசிப்பதில்லை.

அந்தப் பெண்கள் கதையில் மட்டும் இருப்பவர்கள் அல்ல. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஆதரவற்ற பெண்களுக்கு இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்க அரசாங்கம் ஒரு திட்டமே வைத்திருக்கிறது. இயந்திரம் வீட்டுக்கு வந்த மறுநாள் அவளுக்கு வேண்டியது தெளிவான நாலு வாக்கியம். அதை எழுதிக்கொடுப்பது எழுத்தாளனுக்குக் குறைவான வேலை என்று நான் நினைக்கவில்லை.

‘இப்போதுதான் எல்லாம் வீடியோவில் வந்துவிட்டதே, இனி யார் படித்துத் தைக்கப்போகிறார்கள்?’ என்ற கேள்வி நியாயமானது. கை எப்படிப் போகிறது, துணியை எந்த விரல் பிடிக்கிறது என்பதைப் படம் காட்டுவதுபோல் எழுத்து காட்டாது, ஒப்புக்கொள்ளவேண்டியதுதான். ஆனால் படம் ஒரு பாவாடையைத்தான் காட்டும். துணி தடித்ததாக இருந்தால் சுருக்கத்தைக் குறை, மெல்லியதாக இருந்தால் இரண்டு மடங்குவரை போகலாம், அகலம் போதாவிட்டால் இரண்டு துண்டாக இணை என்று, கண்ணெதிரே இல்லாத பாவாடைகளையும் சேர்த்துச் சொல்வதற்கு வார்த்தைதான் வேண்டும். ‘இருந்தால்’, ‘ஆகையால்’ என்ற இரண்டும் பாஷையின் சொத்து. அவற்றைச் சரியாக உபயோகிக்கத் தெரிந்தவரின் தையல் பாடம், படத்தோடு சேர்ந்தும் நிலைக்கும், படமில்லாமலும் நிலைக்கும்.

தையல் பாடம் இலக்கியமா என்ற சர்ச்சையில் எனக்கு அக்கறை இல்லை. இலக்கியம் என்று பேர் பண்ணிக்கொண்டு வருகிற எத்தனையோ புத்தகங்களில் இல்லாத ஒரு யோக்கியதை நல்ல தையல் பாடத்தில் இருக்கிறது. அது வாசகியைத் தன்னைவிட முக்கியமாக நினைக்கிறது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த இதழில் எலாஸ்டிக் பாவாடை போடுவீர்களானால், அச்சுக்கு அனுப்புமுன் தைக்கத் தெரியாத ஒருவரிடம் பக்கத்தையும் துணியையும் கொடுத்து, பேசாமல் எதிரே உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே நிறுத்தி, நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள். ‘எளிய’ என்ற சொல்லை மட்டும் அதற்கு முன்பே அடித்துவிடலாம்.